வீடு தேடி வந்த இரு சிகிச்சைகள்

சென்னைப் புறநகரான சேலையூரின் வாசிகள் வேலைக்குப் போகும் ரயில் தடத்தில் ஒரு நிலையத்தின் பெயரே ‘தாம்பரம் சானடோரியம்’. டாக்டர் சவுரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் இல்லம் ஒரு நம்பிக்கையின் மேல் எழுந்தது: நோயாளி வீட்டை விட்டு வரவேண்டும், காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் அவரைத் தேற்றும். வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்து அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வும் சென்னையிலேயே, சேத்துப்பட்டில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில்தான் நடந்தது. அதனருகே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை வைத்துப் பார்க்கலாம். முன்னது தொற்றுநோய்க்கு, பின்னது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும். இரண்டும் நோயாளியின் வாசற்படியைத்தான் மருத்துவத்தின் இடமாக்கின.

காரணங்கள் வேறு. 1956-இல் நோயாளிகள் ஏராளம், படுக்கைகளோ சொற்பம். 2020-இல் தமிழக அரசு நடத்திய தொற்றா நோய்க் கணக்கெடுப்பு காட்டியது வேறொரு சித்திரம். வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான், ஆனால் அதை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அன்று கதவுக்குப் பின்னால் இடமில்லை. இன்று கதவு திறந்திருந்தும் வர முடிவதில்லை.

சென்னை ஆய்வின் முடிவு 1959-இல் வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. வீட்டில் மருந்து உண்டவர்களில் 86 விழுக்காட்டினரும் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரும் ஓராண்டில் கிருமி அடங்கி மீண்டனர். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் குறைவாகச் சாப்பிட்டு, கூடுதலாக உழைத்தவர்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் தொற்று அபாயம் கூடவில்லை.

இரண்டுக்கும் பொதுவான எதிரி, உடம்பில் வலி இல்லாமை. காசநோயாளி சில வாரங்களில் தேறியதாக உணர்ந்து மருந்தை நிறுத்துகிறார். இரத்த அழுத்தக்காரரோ தமக்கு நோய் இருப்பதாக உணர்ந்ததே இல்லை. ஆகவே இரண்டிலும் கண்காணிப்பு தேவைப்பட்டது. சேத்துப்பட்டு ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இன்றைய மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அழுத்தமானியோடும் சர்க்கரை அளக்கும் கருவியோடும் வருகிறார். முன்னது நோயாளி மருந்து உண்டாரா என்று வினவுகிறது. பின்னது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. முன்னதில் சந்தேகத்தின் சாயல் சற்று உண்டு. பின்னதில் வருபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், மகளிர் குழுவைச் சேர்ந்தவர். என் கணிப்பில் இத்திட்டத்தின் பலம் மருந்தைவிட அந்த அறிமுகத்தில்தான் இருக்கிறது. காசநோய்க்கு அன்று ஓராண்டு மருந்து போதும் என்பதையும் மறக்கலாகாது. சர்க்கரைக்கு முடிவு நாள் கிடையாது. தன்னார்வலர் வந்துகொண்டே இருக்கவேண்டும்.

உணவு என்று வந்தால் ஒப்பீடு தலைகீழாகிறது. மருந்து சரியாக இருந்தால் காசநோயைக் குணப்படுத்த நல்ல சாப்பாடு நிபந்தனையல்ல என்பது 1959-இன் பாடம். சர்க்கரைக்கோ சாப்பாடே மையம். இவ்வளவில் நின்றிருந்தால் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்தான். ஆனால் ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023-இல் வெளியாகி இந்தக் கோட்டைக் கலைத்தது. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்ததில் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. குணமாக்குவதற்குச் சாப்பாடு நிபந்தனையல்ல என்றாலும், தடுப்பதற்கு அது வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இரு நோய்களின் தடுப்பும் ரேஷன் கடை வழியாகத்தான் போகிறது. தமிழக அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் அரிசி இலவசம். பசியைத் தணித்த அளவில் அது காசநோய்க்கும் அணைதான். அதே தீட்டிய அரிசி மூன்று வேளையும் தட்டை நிறைக்கையில் சர்க்கரைக்குத் தோதாகிவிடுகிறது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் ஒரு பங்குக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதை நான் சுகாதாரத் துறையின் வேலையாகவே எண்ணுகிறேன், உணவுத் துறை அதைச் செய்தபோதிலும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மிகச் சிறந்த சிகிச்சைத் திட்டம். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ஆனால் நோய் வந்தபின்தான் பெரும்பாலும் அது கதவைத் தட்டுகிறது.

இரு நோய்களும் ஓர் உடலிலேயே சந்திப்பதும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. தமிழகக் காசநோயாளிகளிடையே நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. காசநோயாளிகளுக்குச் சர்க்கரை பார்ப்பது இன்று தேசிய நெறிமுறை. சேலையூரில் சர்க்கரை மாத்திரையோடு வரும் தன்னார்வலர் ‘ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்காம்மா?’ என்று கேட்பதற்குப் புதிய கருவி ஏதும் வேண்டாம். இருக்கிறது என்று பதில் வந்தால் ஒரு சளிக் குப்பி போதும்.