பட்டப்பகலில் ஒரு விளக்கு

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதுசு. மார்ச் கணக்கு முடிப்பில் நான் பண்ணின சொதப்பலைப் பார்த்துவிட்டு மேனேஜர், "காய் திவே லாவ்லேத்!" என்றார். திவே என்றால் விளக்குகள், லாவ்லேத் என்றால் ஏற்றினீர்கள். அரைகுறை மராட்டியில் நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். நம்ம ஊரில் வீட்டுக்கு விளக்கேற்றுவது பெரிய விஷயமாச்சே! "தேங்க்யூ சார்" என்றேன். பிராஞ்சே சிரித்தது. "பெருசா கிழிச்சீங்க போங்க" என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.

நம்மிடமும் விளக்கு படாத பாடு படுகிறது. ஆமணக்கிலிருந்து எடுத்து விளக்கெரித்த எண்ணெய், "போடா வெளக்கெண்ண" ஆகிவிட்டது. லேட்டாகப் புரிந்துகொள்பவன் ட்யூப்லைட். அசடு வழிந்தால் பல்பு வாங்கினான். அன்றைக்கு நான் வாங்கியது பெரிய பல்பு!

ஆனால் ஒரு பேங்க்காரனாக என்னை யோசிக்க வைத்த விளக்கு வேறு. மராட்டியில் கடனில் மூழ்கிக் கையை விரிப்பதற்கு "திவாளே" என்று பெயர். திவாளிக்கும் திவாளேவுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். போனஸ் வந்த பத்தாம் நாள் இது நன்றாகப் புரியும்!

1831-ல் வெளிவந்து, 1857-ல் பெரிதாகத் திருத்தப்பட்ட மோல்ஸ்வொர்த்தின் மராட்டி–ஆங்கில அகராதி இந்தச் சொல்லுக்கும் விளக்குக்கும் முடிச்சு போடுகிறது. நொடித்துப்போன வியாபாரி தன் கடையிலோ வீட்டிலோ பெரிய விளக்கை ஏற்றி வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்துவிடுவாராம். கடையில் பகலில் விளக்கு எரிந்தால் ஊருக்குச் சேதி தெரிந்துவிடும். நோட்டீஸ் வேண்டாம், தண்டோரா வேண்டாம்.

நாம் சொல்லும் "திவால்" இந்தச் சொல்லின் உறவுதான். நம்ம ஊர் இதற்கு வேறு அடையாளங்களும் வைத்திருக்கிறது: மஞ்சக் கடுதாசி, ஐ.பி. கொடுப்பது. ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். ஆங்கிலத்தில் பேங்க்ரப்ட் என்ற சொல், உடைந்த பெஞ்சு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே பெஞ்சு, இங்கே விளக்கு, நமக்கு மஞ்சள் காகிதம். எல்லாமே ஊரறியச் சொல்லும் வழிகள்தான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. 1920-ன் மாகாண நொடிப்புச் சட்டத்தில் கடனாளி தானே கோர்ட்டுக்குப் போய் "என்னால் முடியவில்லை" என்று சொல்லலாம். கம்பெனிகளுக்கு 2016-ல் வந்த திவால் சட்டத்தில், மனு ஏற்கப்பட்டதும் கடன்காரர்கள் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. தீர்வு காண 180 நாள், தேவைப்பட்டால் இன்னும் 90 நாள் என்று அப்போது கெடு வைத்தார்கள். விளக்கை ஏற்றினால் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சில வருஷம் முன்னால் நம்ம ஊர்க்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வீட்டுக் கடன், அது போக நாலு கிரெடிட் கார்டு. ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தெரியாது. ஊரில் அப்பாவுக்கும் தெரியாது. "புள்ள புனேல நல்லா இருக்கான்னு நெனச்சிட்டு இருக்காங்க சார், எப்படிச் சொல்வேன்?" என்றார். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். 2004-லிருந்து இதுதான் கணக்கு. அவர் அந்தக் கோட்டைத் தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முன்பே வந்திருந்தால் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டிக் கேட்டிருக்கலாம்.

ஊரை விட்டு வந்த நமக்கு, நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதே பாதிச் செலவு. அந்தப் பழைய வியாபாரி ஓடிப்போனது சரியில்லைதான். ஆனால் போவதற்கு முன் விளக்கையாவது ஏற்றினார். நாம் ஓடவும் வேண்டாம், ஊருக்கு ஏற்றவும் வேண்டாம். முதல் தவணை தவறும்போதே வீட்டுக்குள் ஒரு விளக்கு, பேங்கில் ஒரு விளக்கு ஏற்றினால் போதும்.

அன்று அவரை வீட்டுக்குப் போய் முதலில் மனைவியிடம் சொல்லச் சொன்னேன். மறுநாள் இரண்டு பேருமாக வந்தார்கள். அந்த அம்மா கையில் எல்லாக் கார்டு பில்லும் தேதிவாரியாக அடுக்கி இருந்தது.