முழுப்பேரும் அரைப்பேரும்: மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் விருப்பும்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்கு வழங்கும் சொல் ‘பேர்’. காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, மாலையில் கொழுந்து மடுவத்தில் குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாசம் எத்தனை பேர்?’ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால் அது குடும்பக் கணக்கு ஆகாது, சம்பளக் கணக்கு. ஆளுடைய பெயரும் ஆளுடைய கூலியும் ஒரே சொல்லுக்குள் இப்படிப் போய் உட்கார்ந்துகொண்ட வேறொரு தொழில் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் மனிதர்கள் தம் வேலையை விரும்புகிறார்களா, விரும்பாவிட்டால் எது அவர்களை அதில் நிறுத்தி வைக்கிறது என்ற ஆய்வை இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்று எண்ணுகிறேன்.

தொழில் உளவியலில் இக்கேள்விக்கு ஒரு பழைய விடை உண்டு. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு, வேலையில் திருப்தியும் அதிருப்தியும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல என்றது. சம்பளம், மேற்பார்வை, வேலைச் சூழல் ஆகியவை கெட்டால் அதிருப்தி வரும். அவை சீரானாலும் திருப்தி தானாக வந்துவிடாது; திருப்தி வேலையின் உள்ளிருந்து, அதற்குக் கிடைக்கும் மதிப்பிலிருந்து வருவது. அவர் பேசிப் பார்த்தது பிட்ஸ்பர்க்கின் பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும். அவர்கள் மாலையில் தம் சொந்த வீட்டுக்குப் போனவர்கள். லயக் காம்பராவும் துரையின் சொத்தாக இருக்கும் இடத்தில் ‘வேலைச் சூழல்’ எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. ஆனாலும் அவர் பிரித்த பிரிவு நமக்குப் பயன்படும். தோட்டத்தில் வெறுக்கப்படுவது பேர் போடும் முறையே. கொழுந்து எடுக்கும் வேலையை அந்த வெறுப்போடு சேர்த்து எண்ணிவிடுகிறோம். அதுபோல, ஆளை நிறுத்தி வைத்திருப்பது பேரோடு முடிந்து கிடக்கும் வேறு முடிச்சுகள். அதை வேலைமீதுள்ள பற்று என்று பிழையாக வாசிக்கிறோம். இவ்விரு பிழைகளையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிச்சுகளின் வரலாறு நீண்டது. கோப்பிக் காலத்திலேயே தொடங்கியது முதலாவது முடிச்சு, கடன். தென்னிந்தியாவில் ஆள் திரட்டிய கங்காணி வழிச்செலவுக்கும் அரிசிக்குமாகக் கொடுத்த முன்பணம் ஆளின் தலையில் கடனாக ஏறியது. தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டி ஆளை எடுக்கும். 1921இல்தான் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. அக்காலத்திலேயே இன்னொரு ஏற்பாடும் இருந்தது: ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. வேலைக்கு வருவதற்கே ஒரு விலை வைத்து, அந்த விலையை வராத ஒருவனுக்குக் கொடுத்த விசித்திரத்தை மறந்துவிடக் கூடாது. பிறகு வரும்.

இரண்டாவது முடிச்சு பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவர்களாயின் 7 ஆண்டும் ஆகாதவர்களாயின் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழே அரிதாயிருந்த லயத்தில், தோட்டத்தைவிட்டு நகர்வது தன் ஆதாரத்தைத் தானே கலைப்பதாகும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தப் பங்கீடு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ‘உன் வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டிருந்தால் அது கேலியாகவே பட்டிருக்கும். மிச்சமிருந்தோருக்கான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுபட்டது.

இவ்விரண்டு முடிச்சும் இன்று சட்டப்படி இல்லை. வீடு என்ற முடிச்சு இருக்கிறது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் வைத்திருந்தால் காம்பராவுக்குப் பயமில்லை என்ற கணக்கை மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகன் கொழும்பில் கடையில், மகள் ஆடைத் தொழிற்சாலையில், தாய் மட்டும் கூடையோடு: இந்தக் குடும்ப அமைப்பில் தாயின் வேலை ஒருவகையில் வாடகை. அவள் நாள் முழுக்க மலையில் நிற்பதைத் தொழிலில் உள்ள ஈடுபாடாக எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் வாடகைச் சீட்டைக் காதல் கடிதமாக வாசிக்கிறார். 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கிடைத்த குடும்பங்களில் இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பது தனியே ஆராயப்பட வேண்டிய விடயம்.

சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் இன்னொரு முடிச்சு, ஆனால் இது மரியாதையான முடிச்சு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளக்காரருக்கு ஓராண்டுச் சேவைக்கு 14 நாட் சம்பளம் என்று விதித்தது. நாற்பத்தைந்து வயதான ஒரு பெண் முதுகுவலியோடு இன்னும் ஐந்து வருடம் இழுத்துப் பிடிப்பது இதற்காக. அந்தக் காசில் மகளின் கலியாணம் இருக்கிறது, கூரைத்தகரம் இருக்கிறது. தீபாவளி முற்பணம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது: ஐப்பசியில் வாங்கி மாதாமாதம் சம்பளத்தில் கழிபடும் அந்தத் தொகை, துண்டின் தூரத்து உறவு என்று சொன்னால் தொழிற்சங்க நண்பர்கள் கோபிக்கலாம். கேட்டு வாங்கித் தருபவர்கள் அவர்கள்தானே.

இந்தப் பின்புலத்தில்தான் வரவுக் கொடுப்பனவைப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 620 ரூபா நாட்சம்பளத்தின் கட்டுமானம் இது: அடிப்படை 450, விலைப் பங்கு 30, வரவுக்கு 140. வரவுக் காசு எல்லா நாளும் கிடைக்காது. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்திருக்க வேண்டும். 2016இல் மொத்தம் 730 ஆனபோது வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140. 2019இல் இவ்விரண்டும் போய் அடிப்படை 700, விலைப் பங்கு 50 என்றானது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபா, 2024இல் 1350. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1550 ஆக்கி, அதன்மேல் நாளொன்றுக்கு 200 ரூபாவை வரவு ஊக்குவிப்பாக அரசாங்கமே தரும் என்று முன்மொழியப்பட்டது. தலைக்காசு நூறாண்டு கழித்து, இம்முறை சரியான கைக்கு, திரும்பி வந்திருக்கிறது. தொழிலாளிக்கு அது நல்லதே. ஆனால் வருவதற்கென்று தனியாகக் காசு வைக்க வேண்டியிருப்பது, வராமலிருப்பது எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமும் ஆகும்.

வராதவர் எங்கே போகிறார்? தோட்ட நிர்வாகத்தின் பேச்சில் ‘வேலைக்கு ஆள் வருவதில்லை’ என்பதன் அடியில் சோம்பல் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் போய்ப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. பேர் போடாத நாளில் அதே கைகள் தனியார் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் நடுகின்றன, கரட் கழுவுகின்றன, அல்லது லயத்துக்குப் பின்னால் குத்திய சொந்தப் பாத்தியில் இருக்கின்றன. குளிர் அதே குளிர், குனிவு இன்னும் கூட. அங்கே போவதற்குக் காசு ஒரு காரணம். அன்றைக்கே கையில் விழுவது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை அளவிடுவது கடினம்: அங்கே யாரும் அரைப்பேர் போட முடியாது.

அரைப்பேர் எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். நாலு, நாலரை மணிக்கு மடுவத்தில் கூடைகள் இறங்குகின்றன. கயிறு தலையை அழுத்திய தழும்போடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். தராசு சொல்வதற்கு முன்பே அவளுக்கு நிறை தெரியும். ஆறு கிலோவுக்கும் எட்டுக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கழுத்தில் இருக்கிறது. மழை நாளென்றால் ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு, முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கும் ஒரு பேச்சு. அவள் கழுத்து சொன்ன எண்ணுக்கும் கொப்பியில் ஏறும் எண்ணுக்கும் இடையில் ஒன்றிரண்டு கிலோ காணாமல் போகிறது. 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் 17இல் நின்ற நாளில், அந்தக் காணாமற்போன கிலோ அரைநாளைத் தின்றுவிடும். அவளுடைய கோபம் பெரும்பாலும் கிலோவைப் பற்றியதாயிராது. தன் கழுத்துக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல நிற்க வேண்டியிருப்பதைப் பற்றியது.

வேலையிலோ ஒரு கெட்டித்தனம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது விளம்பரத்துக்கு எளிது, கைக்கு எளிதல்ல. கிள்ள வேண்டும், பிடுங்கக் கூடாது. மட்டக்கம்பு காட்டும் தளத்தைவிட்டு இறங்கினால் செடி கெடும், ஏறினால் அடுத்த சுற்று கெடும். உள்ளங்கை நிறைந்து கொழுந்து சூடேறுமுன் தோளுக்கு மேலால் கூடைக்கு வீச வேண்டும். பார்த்து வீசுபவள் புதியவள். ஏழெட்டு நாளில் அதே செடிக்குத் திரும்பி வரும்போது, தான் போன முறை எப்படிக் கிள்ளினோம் என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். நல்ல கைகாரிக்குத் தோட்டம் முழுக்கப் பெயர் உண்டு, இந்தப் பெயர் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் ஏறாதது. நிரையில் பக்கத்து ஆளோடு நடக்கும் பேச்சு, நையாண்டி, ஊர்ப் புதினம், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ‘மலைக்குப் போறேன்’ என்கிறாள். சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது கண்ட உலகமும் இதுதான்.

மைக்கேல் புராவோய், சிக்காகோவின் ஓர் இயந்திரப் பட்டறையில் 1970களில் தானே தொழிலாளியாக நின்று கண்டதை 1979இல் நூலாக்கினார். இலக்கைத் தாண்டுவதை ஒரு விளையாட்டாக்கிக்கொள்வதன் மூலமே தொழிலாளர்கள் அம்முறைக்குச் சம்மதிக்கிறார்கள் என்பது அவர் வாதம். கிலோவும் அதற்குமேல் வரும் மேலதிகக் கிலோக் காசும் அப்படியொரு விளையாட்டுத்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். ஆனால் பட்டறையில் இயந்திரம் இன்று ஒன்று நாளை ஒன்றாக விளைவதில்லை. மலையில் எந்த நிரை கிடைக்கிறது என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. பாதையோரத்துச் செழித்த நிரையா, அட்டை நிறைந்த பள்ளத்து நிரையா என்பதைக் கங்காணியின் வாய் தீர்மானிக்கிறது. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபின் செடியில் கொழுந்தே குறைந்தது; கேட்கப்பட்ட கிலோ அதற்கேற்பக் குறையவில்லை என்ற மனக்குறை அப்போது பரவலாயிருந்தது. விதியை ஒரு பக்கம் மட்டும் மாற்றும் ஆட்டத்தில் சம்மதம் விளைவதில்லை. ஒருவகைக் கணக்குப் பார்க்கும் பொறுமைதான் விளைகிறது.

ஆண்களின் நிலை வேறு. கவ்வாத்து, முள்ளுக்குத்து, கானுவெட்டு எல்லாம் அளந்து கொடுத்த வேலை. முடித்தால் நண்பகலோடு வீடு. 1984 வேலைநிறுத்தத்தின் பிறகு பெண்ணுக்கும் ஆணுக்கும் சம்பளம் சமமானது. நேரம் சமமாகவில்லை. தோட்டத்தில் வேலைத் திருப்தியை அளக்க வரும் எவரும் முதலில் மணிக்கூட்டைப் பார்த்தால் போதும்: பிற்பகல் இரண்டு மணிக்குச் சொந்தப் பாத்தியில் நிற்பவர் யார், மலையில் நிற்பவர் யார்.

என் வாதத்துக்கு வலுவான சான்று கைக்காசு. ஞாயிற்றுக்கிழமையிலோ கொழுந்து மிதமிஞ்சிய நாளிலோ கிலோவுக்கு இவ்வளவு என்று காசுக்கு எடுப்பது. அதே செடி, அதே கூடை, அதே அட்டை. ஆனால் வேண்டிய நேரத்தில் இறங்கலாம், பிள்ளைக்குச் சோறு கொடுக்க இடையில் வரலாம், புருஷனும் வந்து கைகொடுக்கலாம். வாரநாளில் முணுமுணுத்துக்கொண்டு பிரட்டுக்குப் போகும் பெண் ஞாயிறன்று தானாக இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை மாறவில்லை. அரைப்பேர் என்ற ஒன்று அன்றைக்கு இல்லை, அவ்வளவே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைக் கம்பனிகளே முன்வைக்கின்றன: அப்படியானால் நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு வாங்கிக்கொள்ளலாமே. நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் சிற்றுடைமையாளர்களிடமிருந்துதானே வருகிறது என்றும் காட்டுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. இரத்தினபுரியிலோ காலியிலோ உள்ள சிற்றுடைமையாளருக்கு மண் சொந்தம். மலையகத்தில் பிரித்துக் கொடுக்கப்படுவது செடியின் பொறுப்பு மட்டும். கைக்காசை அவள் விரும்புவது பின்னால் பேர் இருக்கும் தைரியத்தில். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் போன பிறகு, வாரத்தின் ஏழு நாளும் ஞாயிறாகிவிட்டால், அந்த விருப்பம் எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்வது கடினமல்ல. இரண்டும் வேண்டும் என்று கேட்பதை முரண்பாடாகச் சித்திரிப்பவர்கள், அலுவலகத்தில் தாங்கள் அனுபவிக்கும் ஓய்வூதியத்தையும் நெகிழ்வான நேரத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்னார்: ஒரு நிறுவனம் சரியும்போது ஆட்கள் வெளியேறுவார்கள், அல்லது குரல் கொடுப்பார்கள், விசுவாசம் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வலுச்சேர்க்கும். மலையகத்தில் குரல் 1940இன் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திலேயே சுடப்பட்டுத்தான் பழகியது. வெளியேற்றம் 1977 வன்செயலின்பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களோடு வேறு உருவெடுத்து, பிறகு கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் திரும்பியது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது இருந்த தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே. வெளிநாட்டில் பிறர் வீட்டுச் சமையலறையில் உழைப்பது கொழுந்து எடுப்பதைவிட இனிமையான வேலையா என்றால் யாரும் ஆமென்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் போகிறார்கள். நல்ல கைகாரி என்று பெயரெடுத்த தாய்மாரே தம் மகளின் கையில் கூடையைக் கொடுக்க மறுக்கிறார்கள். வேலையைப் பழித்துச் சொல்வதில்லை. ‘நம்மளோட போகட்டும்’ என்கிறார்கள்.

ஐம்பது தாண்டி, சேமலாப நிதியை எடுத்து, செக்ரோலிலிருந்து வெட்டப்பட்ட பெண்கள் சிலர் கைக்காசு நாட்களில் திரும்ப மலைக்கு வருகிறார்கள். பிரட்டுக்கு நிற்க வேண்டியதில்லை. வெயில் ஏறிய பிறகு இறங்குவார்கள், பழைய நிரைக்கே போவார்கள், அதன் செடிகள் அவர்கள் வளர்த்தவை. மாலையில் மடுவத்தில் கூடையை இறக்கும்போது யார் பேரில் போடுவது என்று கேட்டால், மருமகள் பேரில் போடச் சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போவார்கள்.