கித்தாருக்குக் கிடைத்த ஆசிரியர் பீடம்

ஒரு வாத்தியம் உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூறுவோர் எக்காலத்தும் எந்நாட்டிலும் உளர். வீணை தெய்விகம், பறை தீட்டு என்று நம்மவர் சொல்லி வந்தனர். பியானோ சீமான் வீட்டுக்குரியது, கித்தார் சாராயக் கடைக்குரியது என்று மேல்நாட்டார் சொல்லி வந்தனர். மரமும் தோலும் நரம்பும் தாமாக உயர்வு தாழ்வு அறியா. அவற்றைத் தொடும் மனிதருக்கு நாம் அளிக்கும் இடமே நாளடைவில் அவற்றின் இடமாகிவிடுகிறது. இவ்வுண்மையைப் பிரெஞ்சு தேசத்துக் கித்தார் ஆசான் ஒருவரின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். அவர் பெயர் அலெக்சாந்தர் லகோயா.

எங்கோ இருந்த ஒரு வெள்ளைக்கார வித்துவானின் கதை நமக்கெதற்கு என்று வாசகர்களுள் சிலர் வினவக்கூடும். கித்தார் இன்று நமக்கு அன்னிய வாத்தியமன்று. தோட்டத்து லயங்களில் வளர்ந்த இளைஞர்களும், ஜொகூர் பாருவை அடுத்த பெர்மாஸ் ஜெயா போன்ற இடங்களில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அதனை அறிவர். சினிமாப் பாட்டின் வாயிலாக அது தமிழர் செவியில் நன்கு பழகிவிட்டது. ஆயினும் அதனை முறையாகக் கற்கவேண்டிய ஒரு கல்வி என்று எண்ணும் பெற்றோர் எத்தனை பேர்? பொழுதுபோக்கு என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். பிரான்சிலும் ஒரு காலத்தில் இதே எண்ணம் நிலவிற்று. அது மாறிய விதத்தை அறிவது நமக்குப் பயன் தரும்.

பிரெஞ்சு தேசத்தில் கித்தார் முதலில் அரண்மனையில் வாழ்ந்தது. பதினான்காம் லூயி மன்னரே கித்தார் வாசிப்பதில் விருப்பமுடையவர். ரோபேர் த விஸே என்ற வித்துவான் அவர் அவையில் வாசித்துப் புகழ் பெற்றார். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்பெயினிலிருந்து வந்த பெர்னாந்தோ சோர் பாரிஸ் நகரில் வாழ்ந்து, 1830இல் கித்தார்ப் பாடமுறை நூலொன்றை வெளியிட்டு, 1839இல் அந்நகரிலேயே காலமானார். அந்நாளில் பாரிஸ் மாளிகைகளில் கித்தார் மீது பெரும் மோகம் இருந்தது.

அம்மோகம் நீடிக்கவில்லை. கச்சேரி மண்டபங்கள் பெரிதாயின; ஆயிரக்கணக்கானோர் கூடினர். பியானோவோ இரும்புச் சட்டம் பெற்று இடிபோல் முழங்கத் தொடங்கிற்று. விரலால் மீட்டும் குடல் நரம்பின் மெல்லோசை பின் வரிசைக்கு எட்டவில்லை. ஆகவே கித்தார் மண்டபத்தை விட்டு வெளியேறி, பாட்டுக்குப் பக்கத்துணையாகவும் விருந்துக்குக் கேளிக்கையாகவும் நின்றுவிட்டது. பாரிஸ் அரசாங்கச் சங்கீதக் கலாசாலை 1795இல் நிறுவப்பட்டது. பிடிலுக்கும் பியானோவுக்கும் அங்கே பேராசிரியர்கள் இருந்தனர். கித்தாருக்கோ தனி வகுப்பு இல்லை. அந்நிலை மாற 174 ஆண்டுகள் ஆயின.

லகோயாவின் கதையைச் சொல்லுமுன் ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லியாக வேண்டும். இதா பிரெஸ்தி 1924ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி பாரிஸுக்கு அருகிலுள்ள சுரேன் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் இவெத் மொந்தாஞோன். தாய் இத்தாலிய வழியினர். தாயின் குடும்பப் பெயரிலிருந்தே பிரெஸ்தி என்ற மேடைப் பெயர் அமைந்தது. தந்தை பியானோ ஆசிரியர். அவரே மகளுக்குச் சிறு வயதிலேயே கித்தாரைக் கற்பித்தார். எட்டாம் வயதில் அச்சிறுமி பலர்முன் வாசித்தாள். பத்தாம் வயதில் பாரிஸில் தனிக்கச்சேரி செய்தாள். 1938இல், பதின்மூன்று வயதிலேயே, கலாசாலையைச் சார்ந்த புகழ்பெற்ற கச்சேரிச் சங்கத்தார் அவளை அழைத்து வாசிக்கச் செய்தனர். அச்சங்கத்தின் மேடையில் கித்தாருக்குத் தனியிடம் கிடைத்தது அதுவே முதல் முறை என்பர். ஸ்பெயின் தேசத்து ஹொவாகின் ரொத்ரிகோ, மூன்று வயதில் கண்பார்வை இழந்தும் பெரும் இசையாக்குநராக விளங்கியவர். அவருடைய அரான்ஹுவேஸ் கித்தார் இசையைப் பிரான்சில் முதன்முதலில் 1948இல் வாசித்தவரும் பிரெஸ்தியே.

பெண் பிள்ளைக்கு வாத்தியம் எதற்கு என்று அத்தந்தை நினைத்திருந்தால், பிரெஞ்சுக் கித்தாரின் கதை வேறாகியிருக்கும்.

இனி லகோயாவின் வரலாற்றுக்கு வருவோம். அவர் பிறந்தது பிரான்சிலன்று; எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில், 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். தந்தை கிரேக்கர், தாய் இத்தாலியர். எட்டாம் வயதில் கித்தாரைத் தொட்டு, பதின்மூன்றாம் வயதில் மேடையேறினார். இளமையிலேயே பாரிஸ் வந்து சேர்ந்து அங்கே மேற்கொண்டு பயின்றார். வந்தேறியின் பிள்ளை, வறிய வாத்தியம், ஆதரிப்பாரற்ற பெருநகரம்; இம்மூன்றும் ஒருவர்க்கு ஒருங்கே வாய்த்தால் என்ன நேரும் என்பதைக் கடல் கடந்து வந்த நம் மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1950ஆம் ஆண்டில் பாரிஸ் கித்தார் அன்பர்களின் கூட்டத்தில் இருவரும் சந்தித்தனர். சில ஆண்டுகளில் மணம் புரிந்துகொண்டனர். பிரெஸ்தி முன்னரே மணமாகி ஒரு மகளுக்குத் தாயானவர். அந்த மறுமணத்தால் அவருடைய கலைக்கோ மதிப்புக்கோ ஒரு குறையும் நேரவில்லை. அதிலிருந்துதான் அவருடைய வாழ்வின் சிறந்த பகுதி தொடங்கிற்று என்பதைச் சீர்திருத்தம் விரும்பும் அன்பர்கள் கருத்திற் கொள்க. தனித்தனியே புகழ் பெறக்கூடிய இருவரும் தனிக்கச்சேரிகளைக் குறைத்து, இரட்டைக் கித்தார் வாசிப்பையே தம் தொழிலாகக் கொண்டனர்.

இரட்டை நாகசுரம் கேட்டுப் பழகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். இருவர் வாசிப்பது ஒருவர் வாசிப்பதுபோல் இருக்க வேண்டும். எனினும் இருவர் என்பது தெரியவும் வேண்டும். அதற்காக அவர்கள் விரல் முறையையே மாற்றியமைத்தனர். பெரும்பாலான வித்துவான்கள் வலக்கை நகத்தின் இடப்புறத்தால் தந்தியை மீட்டுவர். இவ்விருவரும் நகத்தின் வலப்புறத்தால் மீட்டினர். அதனால் ஓசை பருத்தும் உரத்தும் எழுந்தது. பின் வரிசைக்கு எட்டாத வாத்தியம் என்ற பழைய குறைக்கு இது ஒரு விடையாயிற்று.

அவர்கள் இருவருமாகச் செய்த கச்சேரிகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை என்பது கணக்கு. இரண்டு கித்தார்களுக்கென எழுதப்பட்ட உருப்படிகள் அந்நாளில் குறைவு. பழைய பிரெஞ்சு, ஜெர்மானிய ஆசிரியர்களின் உருப்படிகளை அவர்களே கித்தாருக்கேற்பத் திருத்தியமைத்தனர். புதிதாக எழுதித் தருவோரும் தோன்றினர். யூதர் என்ற காரணத்தால் 1939இல் இத்தாலியை விட்டு வெளியேற நேர்ந்த காஸ்தெல்நுவோ தெதெஸ்கோ, 1962இல் அவர்களுக்காக 24 ஜோடி உருப்படிகள் அடங்கிய பெருந்தொகுதி ஒன்றை இயற்றினார். ரொத்ரிகோவும் இரண்டு கித்தார்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பதற்கான உருப்படி ஒன்றை 1966இல் இவர்களை எண்ணி எழுதி முடித்தார்.

அதனை அரங்கேற்றும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ராச்செஸ்டர் நகரில் பிரெஸ்தி திடீரென மரணமடைந்தார். வயது 42. ரொத்ரிகோவின் அவ்வுருப்படியை 1970இல் அமெரிக்காவில் வேறு இருவர் அரங்கேற்றினர். இரட்டை நாகசுரத்தில் ஒன்று ஓய்ந்தபின் மற்றொன்றின் நிலை யாது? லகோயா கச்சேரி மேடையை விட்டு விலகினார். சில ஆண்டுகள் அவர் பலர்முன் வாசிக்கவில்லை.

நம் கட்டுரையின் சாரம் இங்கேதான் இருக்கிறது. மேடையை விட்டு விலகியிருந்த அக்காலத்திலேயே, 1969இல், பாரிஸ் சங்கீதக் கலாசாலையில் கித்தாருக்கென ஒரு வகுப்பு தோன்றிற்று. அதன் ஆசிரியராக லகோயா அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. துயருற்ற ஒருவருக்கு அது ஓர் உத்தியோகம் மட்டுமன்று. கித்தாருக்கு அது ஒரு புது வாழ்வு. அன்று முதல், கித்தார் கற்ற ஒரு மாணவன் பிடில் கற்றவனுக்கும் பியானோ கற்றவனுக்கும் சமமாக அதே வாயிலில் நுழைந்து, அதே பரீட்சைக்கு அமர்ந்து, அதே பரிசை எதிர்பார்க்கலாயிற்று. லகோயா 1972இல் மீண்டும் மேடையேறினார். எனினும் கற்பிப்பதை விடவில்லை. 1994 வரை, அதாவது 25 ஆண்டுகள், அவ்வகுப்பை நடத்தினார். கோடைக்காலத்தில் நீஸ் நகரில் பல தேசத்து மாணவர்களுக்கும் கற்பித்தார். கனடா தேசத்து லியோனா பாய்ட் என்ற பெண்மணி அவரிடம் பயின்று பின்னர் உலகப்புகழ் பெற்றவர். 1999ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி, எழுபதாம் வயதில், லகோயா பாரிஸில் காலமானார்.

அவர் மறைந்தபின் அவ்வகுப்பு மூடப்பட்டதா? இல்லை. பின்னாளில் துனிஸ் நகரில் பிறந்த ரொலான் தியேன்ஸ் என்ற மற்றொரு வித்துவான் அங்கே ஆசிரியரானார். 2016இல் காலமாகும் வரை கற்பித்தார். பிரெஸ்தியின் விரல்களில் இருந்த வித்தை அவருடனேயே போயிற்று. இசைத்தட்டு மட்டும் எஞ்சியது. லகோயா ஏற்ற ஆசிரியர் பதவியோ அவருக்குப் பின்னும் நிலைத்தது. ஆற்றல் மிக்க வித்துவான் ஒரு தலைமுறையை மகிழ்விக்கிறான். ஆசிரியர் பீடம் பல தலைமுறைகளை உண்டாக்குகிறது.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். பிடில் மேல்நாட்டு வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பிய ஆசிரியரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதனைத் திருவாங்கூர் அவை வரை கொண்டு சென்றார். கற்பிப்போர் தொடர்ந்து இருந்தமையால், அன்னிய வாத்தியம் இன்று நம் கச்சேரியின் இன்றியமையாத உறுப்பாயிற்று. நாகசுரமோ நம் சொந்த வாத்தியம். எனினும் அதை வாசித்தவர்களுக்குச் சமமரியாதை கிடைக்க திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற மேதையும் போராட வேண்டியிருந்தது. தமிழ்ப்பாட்டுக்குங்கூட, 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியும் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் தோன்றிய பின்னரே நிலையான இருப்பிடம் கிடைத்தது.

இனி, நம் தோட்டங்களை நோக்குவோம். உறுமி மேளமும் பறையும் இம்மலாயா மண்ணுக்கு நம் முன்னோருடன் கப்பலேறி வந்தவை. திருவிழாவுக்கும் சாவுக்கும் அவை இல்லாமல் தீராது. அவற்றை அடிக்கும் இளைஞன் யாரிடம் கற்றான்? பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றான். அவனுக்குக் கற்பித்த பெரியவரை ஆசிரியர் என்று எவரேனும் அழைத்ததுண்டா? விழா முடிந்ததும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, அப்பெரியவர்களோடு எத்தனை அடிகள், எத்தனை தாளக்கட்டுகள் மறைந்தனவோ! அவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலர்.

பாரிஸ் கலாசாலை போன்ற மாளிகை ஒன்றை நாளையே கட்ட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒரு தமிழ்ப் பள்ளியில், ஒரு சங்கத்து மண்டபத்தில், வாரம் ஒரு நாள், ஒரு வகுப்பு போதும். அங்கே கித்தாரும் வரட்டும், உறுமியும் வரட்டும், ஆணும் பெண்ணும் அமரட்டும். கற்பிப்பவருக்கு ஒரு நாற்காலியும், மாதந்தவறாத ஊதியமும், ஆசிரியர் என்ற பெயரும் அளிப்போம். கித்தாருக்கு அத்தகைய இடம் கிடைக்கப் பிரான்சு 174 ஆண்டுகள் காத்திருந்தது. நாம் அத்தனை காலம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.