நாத்திகனின் வாக்கு

சென்ற வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டெபாசிட் ரசீது தொலைந்துபோனதற்காக அபிடவிட் ஒன்று எழுதி எங்கள் கிளைக்குக் கொண்டுவந்தார். டைப் அடித்தவர் தன் வழக்கப்படி 'கடவுள் சாட்சியாக' என்று ஆரம்பித்திருந்தார். ஆசிரியர் அதைப் பேனாவால் அடித்து, மேலே 'மனசாட்சிப்படி' என்று எழுதி, ஓரத்தில் இனிஷியலும் போட்டிருந்தார். அடித்தல் திருத்தல் உள்ள பத்திரத்தை வாங்கலாமா என்று கவுண்டருக்குப் பின்னால் சிறு விவாதம். கடைசியில் வாங்கிக்கொண்டோம். ஆனால் நடுவில் சக ஊழியர் ஒருவர் கேட்டது என்னை விட்டுப் போகவில்லை: "சாமி இல்லேங்கிறவர் பண்ற சத்தியத்தை எப்படி சார் நம்பறது?"

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்தவர்களும் நாத்திகர்களும் மேடைபோட்டு நடத்திய சர்ச்சைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், மேலே நடப்பது கடவுள் உண்டா என்ற விவாதம், அடியில் ஓடுவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. கடவுளை மறுப்பவனின் வாக்கு செல்லுமா என்பதுதான் அது. முதல் கேள்வி அன்று தீரவில்லை, இன்றும் தீரவில்லை. இரண்டாவது கேள்விக்குச் சட்டத்தில் ஒரு விடை கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தவர் சார்ல்ஸ் பிராட்லா.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது இந்தப் பெயரை நான் கேள்விப்படவில்லை. விக்டோரிய யுகத்து அவநம்பிக்கை என்றால் எங்களுக்கு டென்னிசனின் துக்கமும் ஆர்னால்டின் கடற்கரையும்தான். விசுவாசம் வடிந்துபோவதைத் தனியே நின்று கேட்கும் கனவானின் சோகம் அது. அதே வருஷங்களில் நகரத்து மண்டபங்களில் தொழிலாளிகள் காசு கொடுத்து, இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உட்கார்ந்து, கடவுளைப் பற்றிய வாதப் பிரதிவாதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே சோகத்துக்கு இடமில்லை. இலக்கிய சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு முதல் ரகம் சௌகரியமாக இருந்திருக்கிறது.

பிராட்லா 1833இல் லண்டனில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பையன், சுவிசேஷங்களுக்கும் ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளுக்கும் சில இடங்களில் ஒத்துவரவில்லையே என்று பாதிரியாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டான். பதிலுக்கு வந்தது, பையன் நாத்திகனாகிவிட்டான் என்று பெற்றோருக்கு ஒரு புகார். அப்போது அவன் நாத்திகன் அல்ல. சந்தேகம் கேட்ட மாணவன். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு பட்டாளம், அதன்பின் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலை, 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கம்.

1864இல் லண்டனில் தாமஸ் கூப்பருடன் நடந்த சர்ச்சை எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூப்பர் பாதிரியார் அல்ல. சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்காக இரண்டு வருஷம் சிறையிலிருந்து, அங்கே ஒரு நீண்ட காவியம் எழுதியவர். ஒரு காலத்தில் அவரே அவநம்பிக்கையைப் பிரசங்கம் செய்து, 1856இல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். ஆக, எதிரெதிரே நின்ற இருவருமே எதிராளியின் வீட்டிலிருந்து வெளியே வந்தவர்கள். பிராட்லாவின் நிலையும் பலர் நினைப்பதுபோல் முரட்டு மறுப்பு அல்ல. அதே வருஷம் வெளிவந்த பிரசுரத்தில் அவர் வாதிட்டதன் சாரம் இதுதான்: 'கடவுள்' என்ற சொல்லால் எனக்குத் தெளிவான அர்த்தம் எதுவும் கிடைக்கவில்லை, அர்த்தம் கிடைக்காத ஒன்றை நான் இல்லையென்று மறுப்பது எப்படி? சொல்லின் பொருளை முதலில் நிர்ணயம் செய்யச் சொல்லும் இந்த ஆட்சேபம் ஒரு விமர்சகனின் ஆட்சேபம்.

அர்த்தமில்லாத சொல்லைச் சொல்ல மறுப்பவனுக்கு அன்று நீதிமன்றத்தில் இடமில்லை. கடவுள்மேல் ஆணையிடாதவன் சாட்சி சொல்ல முடியாது. 1857இல் ஒரு வெளிநாட்டவர் திருட்டுப் புகார் கொடுக்கப் போய், விசுவாசமில்லை என்று உண்மையைச் சொன்னதால் திருப்பி அனுப்பப்பட்டார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய 'சுதந்திரம் பற்றி' என்ற நூலில் இதை எடுத்துக்கொண்டு, இந்த விதி தன்னையே கவிழ்த்துக்கொள்கிறது என்று காட்டினார். பொய் சொல்லத் தயாராக இருக்கும் நாத்திகனின் சாட்சியத்தை இது ஏற்றுக்கொள்கிறது. அவமானத்தைத் தாங்கிக்கொண்டு உண்மை சொல்பவனைப் பொய்யன் என்று தள்ளுகிறது. 1869இலும் 1870இலும் வந்த சட்டங்கள் நீதிமன்ற அளவில் இதைச் சரிசெய்தன.

பார்லிமெண்ட் மிச்சமிருந்தது. 1880இல் பிராட்லா நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தார். ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, ஆணையையே எடுத்துக்கொள்கிறேன், கடவுள் என்ற சொல் எனக்கு வெறும் ஒலிதான், ஆனாலும் அந்த வாக்கு என் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்றார். அதையும் சபை மறுத்தது. பக்தர்களுக்கு இது தெய்வநிந்தை. சொந்தக் கட்சியிலும் சங்கடம். 'செக்யுலரிசம்' என்ற சொல்லையே உண்டாக்கிய ஹோலியோக் அவரைக் கண்டித்தார். நானும் இந்த இடத்தில் வெகுநாள் தடுமாறியிருக்கிறேன். அர்த்தமில்லை என்று நீ சொல்லும் சொல்லை எப்படி உச்சரிப்பாய்? ஆனால் உறுதிமொழி என்ற நேர்வழியை அடைத்தவர்கள் யார் என்று பார்க்கும்போது குற்றம் இடம் மாறிவிடுகிறது. அர்த்தமில்லை என்பதை மறைத்துக்கொண்டு அவர் வாய்திறந்திருந்தால் எந்தத் தடையும் இருந்திருக்காது. மில் சொன்னது அப்படியே நடந்தது.

ஓர் இரவு மணிக்கூண்டில் சிறை. 1881இல் சபையிலிருந்து பலவந்தமாகத் தூக்கி வெளியே தள்ளினார்கள். தொகுதி மக்கள் 1881, 1882, 1884, 1885 என்று திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள்.

இந்த நீண்ட சர்ச்சையில் ஆகச்சிறந்த வாதத்தை முன்வைத்தவர் ஒரு கிறிஸ்தவர் என்பது கவனிக்கத்தக்கது. 1883இல் உறுதிமொழி மசோதாவை ஆதரித்துப் பேசிய பிரதமர் கிளாட்ஸ்டன் தீவிர விசுவாசி. ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதும் என்கிற ஆணை எந்தக் கிறிஸ்துவைக் காப்பாற்றுகிறது என்று கேட்டார். மனிதர்களைப் பற்றிக் கவலையே படாத தேவர்களைப் பாடிய லுக்ரீஷியஸை லத்தீனில் சொல்லிக் காட்டினார். விசுவாசத்தைத் தாழ்வாரத்துக் காவலுக்கு நிறுத்துவது விசுவாசத்துக்கே இழுக்கு என்பதுதான் அவர் வாதத்தின் தொனி. மசோதா 289க்கு 292 என்று மூன்று வோட்டில் தோற்றது. 1886இல் புதிய சபாநாயகர் தடைகளை ஒதுக்கிவிட்டு பிராட்லாவை ஆணையெடுக்க விட்டார். 1888இல் உறுதிமொழிக்கு இடம் தரும் சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். தன்னை விலக்கிய பழைய தீர்மானம் 1891 ஜனவரி 27 அன்று குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. மரணப் படுக்கையில் இருந்தார். மூன்று நாளில் இறந்தார்.

அந்தச் சவ அடக்கத்துக்குப் போனவர்களில் சட்டம் படிக்க லண்டன் வந்திருந்த 21 வயது காந்தியும் ஒருவர். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் கண்ட ஒரு காட்சியைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கூட்டத்திலிருந்த நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்கி, பூமியின் சுற்றளவைச் சொல்லி, உங்கள் கடவுளின் அளவென்ன, இருப்பிடம் எது என்று கேட்கிறார். நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்கிறார் பாதிரியார். என்னைக் குழந்தை என்று நினைத்தீரா என்று நாத்திகர் கூட்டத்தை வெற்றியோடு பார்க்கிறார். நாத்திகத்தின்மேல் தனக்கிருந்த வெறுப்பு இதனால் கூடியது என்கிறார் காந்தி. பிராட்லா கடவுளின் அர்த்தத்தைக் கேட்டார். அவரைப் புதைத்துவிட்டு வந்த சீடர் அளவைக் கேட்டார். மரபுகள் இப்படித்தான் சீரழிகின்றன போலும்.

நாற்பது வருஷம் கழித்து, 1931இல், சத்தியமே கடவுள் என்று விளக்கும்போது காந்தி பிராட்லாவை மறுபடி நினைத்துக்கொள்கிறார். அவரை நாத்திகர் என்று நான் கொள்ளமாட்டேன், கடவுளுக்கு அஞ்சியவர் என்பேன், அவர் மறுத்தாலும் சரி என்கிறார். எவ்வளவு பெரிய மனசு! ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. நான் நாத்திகன் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் வாக்கை, எதிரிகள் நம்ப மறுத்ததுபோலவே, அன்பாலும் நம்ப மறுத்தாகிவிட்டது.

நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் கடவுள் பெயரால் ஆணையிடுவது, உளமார உறுதி கூறுவது என இரண்டு வழிகளும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. 'உளமார' என்ற சொல் நம் சட்டசபையில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை. நம் பத்திரிகைகளுக்கு மட்டும் வந்துவிட்டதா என்ன? ஒரு விமர்சனம் வந்தால், சொன்னது சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், சொன்னவன் எந்தக் கோஷ்டி, அவனை நம்பலாமா என்றுதானே கேட்கிறோம்.

வங்கியில் சேருகிற எல்லோரும் விசுவாசமும் ரகசியமும் காப்பதாக ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நானும் போட்டேன். அதில் கடவுள் பெயர் இருந்ததா என்று ஆசிரியர் வந்துபோன அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை. பத்து வருஷமாக அதைக் காப்பாற்றி வருகிறேன்.