சி-பேப் சிகிச்சை

தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோய்க்கு முதன்மையான சிகிச்சை சி-பேப். கருவியிலுள்ள சிறு விசிறி அறைக் காற்றை இழுத்து, குழாய், முகமூடி வழியாக இடைவிடாத அழுத்தத்தில் செலுத்தும். தளர்ந்து மூடும் தொண்டைச் சதையை அந்த அழுத்தம் விலக்கிப் பிடிக்கும். இது ஆக்சிஜன் தரும் கருவியன்று. அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீரளவு. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் குழுவினரும் 1981இல் இம்முறையை அறிவித்தனர்.

பயன்கள்

குறட்டையும் பகல் தூக்கமும் குறையும். பக்கத்தில் படுப்பவரும் நிம்மதியாகத் தூங்குவார். ரத்த அழுத்தம் சற்றே தணியும். இந்தியாவும் பங்கேற்ற, 2016இல் வெளியான ஆய்வில் 2,717 இதய, மூளை ரத்தநாள நோயாளிகளிடம் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. கருவி பெற்றவர்கள் அதை மாட்டியிருந்தது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே.

பாதுகாப்பு

மூக்கடைப்பு, வாய் வறட்சி, மூக்குத் தண்டில் புண், வயிற்றில் காற்று சேர்தல் ஆகியவை வழக்கமான தொல்லைகள். சரியான அளவு முகமூடியும் ஈரமூட்டியும் பெரும்பாலும் தீர்வு தரும். ஈரமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. ஒலியடக்கும் நுரைப்பொருள் சிதைந்ததால் 2021இல் பிலிப்ஸ் நிறுவனம் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது.

வடசென்னையில்

துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்குப் பகல் தூக்கம் உயிருக்கே ஆபத்து. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளி அப்போதும் முகமூடி மாட்ட வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி இறக்குமதி 2011இல் எண்ணூருக்கு மாறியது. நிலக்கரித் தூசு படியும் வீடுகளில் கருவியின் வடிகட்டி விரைவில் கறுக்கும். அடிக்கடி மாற்ற வேண்டும். அது தூசைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். அத்தகைய நேரத்தில் கருவி அந்தக் காற்றையே உள்ளே தள்ளும். கழற்றிவிட்டு வெளியேற வேண்டும். மின்சாரம் போனாலும் முகமூடியைக் கழற்றுவதே முறை. தொண்டையைத் திறந்து வைப்பது மட்டுமே கருவியின் வேலை. உள்ளே போகும் காற்று தெருவின் காற்றுதான்.