போர்முனையும் பட்டுத்தறியும்

இரண்டாம் உலகப்போரின் வரலாற்றை எழுதுவோர் போர்க்களங்களையே பெரிதும் பேசுவர். களத்திற்கு அப்பாலிருந்த தறியும் அவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கதென்பதே எமது கருத்து.

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் ஆரணி, பெரணமல்லூர் வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. அக்காலத் தென்னாட்டுத் தறிகளுக்கு மைசூர், கொள்ளேகாலம் ஆகிய இடங்களின் இழையோடு சீன, சப்பானிய இழையும் வந்துகொண்டிருந்தது. 1941 சூலையில் பிரித்தானியப் பேரரசு சப்பானியரின் சொத்துக்களை முடக்கிற்று. டிசம்பரில் கீழ்த்திசையிலும் போர் மூண்டது. கடல்வழி வந்த இழை நின்றது. எஞ்சிய உள்நாட்டு இழையையோ, வான்குடை செய்தற்பொருட்டுப் போர்த்துறை நாடிற்று. இவ்வாறு ஓரிழைக்குப் படையும் தறியும் போட்டியிடலாயின.

வான்குடைத் தட்டுப்பாடு படையினரையும் வருத்திற்று. பர்மாப் போர்முனையில் 14-ஆம் படையின் தலைவர் சிலிம், உணவும் தளவாடமும் இறக்குதற்குச் சணற்குடைகளைக் கல்கத்தாவில் செய்வித்தார். அவருக்குச் சணல் மாற்றாகக் கிட்டிற்று. பட்டு நெசவாளர்க்கோ அத்தகைய மாற்று எளிதன்று. பருத்தி நூலும் 1943-ஆம் ஆண்டு ஆணையால் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுவிட்டது.

எனினும், இதே போர் முசுக்கொட்டை பயிரிட்டு இழை எடுத்தோரின் பொருளுக்குத் தேவையைப் பெருக்கிற்று. போர் முடிந்தபின், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, உள்நாட்டுப் பட்டுத்தொழிலை வளர்ப்பதற்கென நடுவண் பட்டு வாரியம் அமைந்தது. ஒரே பொருளால் ஓரிடத்தில் ஆக்கமும் பிறிதோரிடத்தில் இடரும் விளைந்தன என்பது இதனால் பெறப்படும். படைக்கணக்கோடு பாவுக்கணக்கையும் ஒப்பவைத்து நோக்கினாலன்றிப் போர்க்கால வரலாறு நிறைவுறாதென்க.