பிரிட்டனில் எண்முறைத் தரைவழித் தொலைக்காட்சி: தொழில்நுட்ப மாற்றங்கள்

கோபுரத்திலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு நேரே வரும் எண்முறை ஒளிபரப்பு பிரிட்டனில் 1998 நவம்பரில் தொடங்கியது. டிவிபி-டி என்னும் தரநிலையில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து சென்றன. அந்த அலைவரிசை 1705 துணை அலைகளாகப் பிரிக்கப்பட்டது. இது 2கே முறை.

முதல் சிக்கல், அலையில் தரவை ஏற்றும் முறையான பண்பேற்றத்தில் எழுந்தது. 64-குவாம் முறையில் ஒவ்வொரு துணை அலையும் ஒரு துடிப்புக்கு 6 பிட்டுகளைச் சுமக்கும். அவற்றைப் பிழையின்றி வாங்க வலுவான அலை தேவை. ஆனால் அனலாக் ஒளிபரப்புக்கு இடையூறு நேராதபடி எண்முறை அலைகளைக் குறைந்த திறனில்தான் அனுப்ப முடிந்தது. வீட்டில் பிரிட்ஜ் ஓடத் தொடங்கினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து உறையும். கட்டணச் சேவையான ஐடிவி டிஜிட்டல் 2002இல் வீழ்ந்ததும் அதனிடத்தில் வந்த இலவசச் சேவை ஃப்ரீவியூ. அதன் பெரும்பாலான அலைவரிசைகள் 4 பிட் சுமக்கும் 16-குவாமுக்கு இறங்கின. கொள்ளளவு வினாடிக்கு 24 மெகாபிட்டிலிருந்து 18 ஆகச் சுருங்கியது. படமோ நிலைத்து நின்றது. சேனல் எண்ணிக்கையைவிட நிலையான படமே பெரிதென்ற அந்த முடிவுதான் தரைவழிச் சேவையைப் பிழைக்க வைத்தது.

2007இல் வொயிட்ஹேவனில் தொடங்கிய அனலாக் நிறுத்தம் 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் நிறைவுற்றது. ஒவ்வொரு பகுதியிலும் அனலாக் ஓய்ந்ததும் எண்முறைத் திறன் உயர்த்தப்பட்டது, 64-குவாம் திரும்பியது, துணை அலைகள் 6817 ஆயின. இந்த 8கே முறையைப் புரிந்துகொள்ளாத பழைய செட்-டாப் பாக்ஸ்கள், பழுது ஏதுமில்லாமலே அன்றோடு பயனற்றுப்போயின. ஒளிபரப்பில் செய்யும் சிறு மாற்றமும் வீட்டிலிருப்பவர் தலையில்தான் விடியும். இதை உணர்ந்து 75 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கருவி பொருத்தித்தரத் தனித் திட்டம் நடந்தது. அது இல்லாதிருந்தால் இந்த மாற்றம் நியாயமானதாக இருந்திருக்காது.

2009 டிசம்பரில் வின்டர் ஹில் கோபுரம் டிவிபி-டி2 முறையில் உயர்தெளிவுச் சேனல்களை அனுப்பத் தொடங்கியது. 256-குவாமும் வலுவான பிழைதிருத்தமும் சேர்ந்து, அதே 8 மெகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 40 மெகாபிட் அடங்கின. இதற்கும் புதிய அலைவாங்கி தேவைப்பட்டது.

பின்னர் செல்பேசிச் சேவைக்காக 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையும், 2020க்குள் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் காலிசெய்யப்பட்டன. தொலைக்காட்சிக்கு 21 முதல் 48 வரையான அலைவரிசைகளே எஞ்சின. கோபுரங்கள் அலைவரிசை மாற மாற மக்கள் சேனல்களை மறுபடி தேடிப் பதிய வேண்டியிருந்தது; மேல் அலைவரிசைகளுக்கென்றே செய்த ஆன்டெனா வைத்திருந்த சில வீடுகளில் ஆன்டெனாவையே மாற்ற நேர்ந்தது.